அழகரின் தகரம்

மஹய்யாவையில் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடிய ஓடையைக் காத்துவந்தவர் நகரசபைத் தொழிலாளியான அழகர். வாரம் முழுவதும் கண்டித் தெருக்களைக் கூட்டிய அவர், ஞாயிறு காலையில் ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தைத் தட்டுவார். அது சிரமதானத்துக்கான அழைப்பு. அயலவர் அனைவரும் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கிக் குப்பையை அள்ளுவார்கள். அதனால் மழைவெள்ளம் வீடுகளுக்குள் வந்ததில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தின்போது, காவலிருந்த இளைஞர்கள் தமிழர் வீடுகளுக்குத் தீவைப்போர் வருவதை அறிவிக்க அதே தகரத்தைத் தட்டினார்கள். அவ்வொலி கேட்டே குடும்பங்கள் மலைக்காட்டுக்குள் ஓடித் தப்பின.

கலவரம் ஓய்ந்து மக்கள் திரும்பியபோது ஓடை குப்பையால் அடைபட்டு நாறியது. அடுத்த ஞாயிறு அழகர் வழக்கம்போலத் தகரத்தைத் தட்டினார். உடனே பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினார்கள். பக்கத்து வீட்டுச் சீதா தடுக்கி விழுந்தாள்.

“ஐயோ, சிரமதானந்தான் தாயி! ஓடாதீங்க!” என்று அழகர் கத்தினார்.

“ஒங்க சிரமதானத்துல இடி விழ! இனி அதத் தொட்டீங்கன்னா ஒங்களயும் ஓடைக்குள்ள தள்ளிருவேன், அண்ணே!” என்றாள் சீதா, முழங்கால் இரத்தத்தைத் துடைத்தபடி.

பின்னர் அவர் வீடு வீடாகச் சென்று அழைத்தார். “வர்றோம், நீங்க முன்னால போங்க” என்றார்கள். ஒலி கேட்டு ஒன்றாக இறங்கிப் பழகியவர்கள், தனித்தனியே வெளியே வர அஞ்சினார்கள். அழகர் தனியொருவராக அள்ளிப் பார்த்தார். ஐப்பசி மழையில் ஓடை வீடுகளுக்குள் புகுந்தது.

அழகர் அத்தகரத்தைப் பிரித்துக் கோழிக்கூட்டுக்குக் கூரையாக்கினார். மழைத்துளி பட்டு அது ஒலிக்காதிருக்க, மேலே சாக்கு விரித்திருந்தார்.