குட்டைத் தண்ணீர் பச்சையான கோடை

போன வாரம் சென்னையில் ஒரு கூட்டம். கடற்கரை ஊர்களில் எடுக்கும் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளை — எங்கே நச்சுப்பாசி பரவுகிறது, எங்கே மீன் செத்து ஒதுங்குகிறது — ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்து எல்லோருக்கும் கொடுப்பது எப்படி என்று பேச்சு. ரிட்டயரான கெமிஸ்ட் என்று என்னையும் ஏற்காட்டிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

ஓர் இளம்பெண் எழுந்தாள். "சார், உங்க காலத்துல ரிசல்ட்டை முதல்ல யாருக்குச் சொல்வீங்க?"

"மேலதிகாரிக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்...

சிரிக்கிற விஷயமா அது?

எழுபதுகளின் கடைசி. ஏற்காட்டில் அரசாங்கத் தண்ணீர்ப் பரிசோதனை வேலை எனக்கு. கிளியூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் குட்டை. கோடையில் நீர் வற்றி, பெயின்ட் கொட்டியதுபோல் பச்சை படர்ந்திருந்தது. பாட்டிலில் அள்ளி வந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது — நச்சுப்பாசி, மாடு குடித்தால் பிழைக்காது. சேலம் ஆபீசுக்கு எழுதிப் போட்டேன். அங்கிருந்து உத்தரவு வரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. எங்கள் வழக்கம் அப்படி.

மறுநாள் காலை ரோஸ்மேரி பால் ஊற்ற வந்தாள். எஸ்டேட்டில் களையெடுப்பவள். புருஷன் இல்லை. ஒரே மாடு, அந்தப் பாலில்தான் மகள் மிஷன் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க சார், குட்டைத் தண்ணி நொம்ப பச்சையா கெடக்குதுங்க. மாட்டை உடலாமுங்களா? இல்லாட்டி மேடேறி ஊத்துக்குத்தான் ஓட்டோணும்."

"ரிசல்ட் வரட்டும்மா."

"நீங்கதானே பாட்டில்ல அள்ளீட்டுப் போனீங்க! பாத்துச் சொல்லுங்க சார், உங்க ஊட்டுக் காப்பிக்கும் இதே மாடுதானுங்க" என்று சிரித்தாள்.

"வரட்டும்னு சொன்னேனே!" எரிந்து விழுந்தேன்.

உத்தரவு வருவதற்குள் மாடு குட்டைக் கரையில் கால் விறைத்துக் கிடந்தது.

அன்று சாயங்காலம் வந்தாள். கையில் பால் கேன் இல்லை. அழவும் இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா சார்?"

"தெரியாதும்மா" என்றேன்.

"அதானே... தெரிஞ்சிருந்தா சொல்லாமயா இருப்பீங்க?" என்னைத் தேற்றிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடம் திறந்தபோது மகளும் அவளோடு களையெடுத்துக்கொண்டிருந்தாள்.

சென்னையில் கம்ப்யூட்டர், டெலிபோன் லைன் என்று நிறையப் பேசினார்கள். வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கும் ரோஸ்மேரிக்கும் நடுவே இருந்தது என் வாசற்படி மட்டும்தானே?

அவள் என்னை நம்பாமல் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.