கொசு மாப்பிள்ளை

அவனுக்கு "கொசு மாப்பிள்ளை" என்று பேர் வைத்தது கீழ்வீட்டு இஸ்திரிக்காரர். அதற்கு முன்பு அவன் வெறும் லிஃப்ட் மெக்கானிக்தான். அதிலும் குழி வேலைக்காரன். லிஃப்ட் தரைத்தளத்தில் வந்து நிற்கிறதே, அதற்கும் அடியில் ஒரு குழி உண்டு. எவர் கையிலிருந்தோ நழுவிய சாவி, குழந்தையின் ஒற்றைச் செருப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, மழை பெய்தால் தண்ணீர், எல்லாம் வந்து சேருகிற இடம் அது. மற்ற மெக்கானிக்குகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நழுவிவிடுவார்கள். இவன் இறங்குவான். "நான் கீழே இறங்கினாத்தான் ஊரு மேலே போகும்" என்று சொல்லிச் சிரிப்பான். சிரித்த காலம் அது.

கல்யாணமாகிப் பல வருஷம் கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்து ஓய்ந்த பிறகு அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், சாதாரணமாக வாயாடாதவள், அன்றைக்கு மட்டும் கடை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தச் சமயம் பார்த்து வெளியூரில் ஒரு பெரிய கட்டடத்தில் வேலை வந்தது.

"இப்ப போகணுமா? அந்த ஊர்ல ஒரே காய்ச்சலா இருக்குன்னு சொல்றாங்க" என்றாள்.

"கொசுவுக்குப் பயந்தா குழியில இறங்க முடியுமா? போயிட்டு ஓடி வந்துடறேன்."

போனான். அங்கே குழியில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். பட்டப்பகலில் கொசு பிய்த்து எடுத்தது. கூட வேலை பார்த்த வெல்டரும் அவனும் மாறி மாறித் தொடையில் அடித்துக்கொண்டே வேலையை முடித்தார்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் லேசாகக் காய்ச்சல், உடம்பெல்லாம் பொரிப் பொரியாகத் தடிப்பு, கண் சிவப்பு. மாத்திரை போட்டான், விட்டுவிட்டது. சரியாய்ப் போனதைப் போய் யார் பெரிசு பண்ணுவார்கள்?

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் பார்த்தது கண்ணைத்தான். "என்ன இப்படிச் சிவந்திருக்கு?"

"வெல்டிங் வெளிச்சம் பட்டுடுச்சு."

அவ்வளவு சரளமாக வந்தது பொய். உண்மையைச் சொன்னால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பாளே, அதற்குப் பயம். ஆண்பிள்ளை வீறாப்பு என்பது இதுதான், வேறொன்றுமில்லை. அவள் அவன் தலையை மடியில் சாய்த்துத் தன் கையாலேயே சொட்டு மருந்து விட்டாள். நெடுநாள் கழித்து வீடு வந்த புருஷன். அன்றைக்குத் தள்ளியா படுப்பான்?

கொஞ்ச நாள் கழித்து வெல்டர் போன் பண்ணினான்.

"ஹெல்த்துக்காரங்க வந்து ரத்தம் எடுத்தாங்கப்பா. ஜிகா வைரஸாம். நமக்கு ஒண்ணும் பண்ணாதாம், வந்த சுவடு தெரியாமப் போயிடுமாம். ஆனா மாசமா இருக்கிறவங்களுக்கு வந்தா வயித்துல இருக்கிற பிள்ளையோட மூளையைப் பாதிக்குமாம், தலை வளராமப் போயிடலாமாம்."

"என் வீட்டைச் சுத்திக் கொசு கிடையாது" என்றான் இவன்.

"கொசு மட்டும் இல்லப்பா. நம்மகிட்ட இருந்தே வீட்டுக்காரிக்குப் போகுமாம். பிள்ளை பிறக்கிற வரைக்கும் ஒண்ணு தள்ளிப் படு, இல்ல ஆணுறை போடுன்னு சொன்னாங்க. முதல்ல டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு."

போனை வைத்தவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். அந்த நாளை வருவேனா என்றது.

சொல்வதற்குப் பதிலாகக் கொசுவோடு மல்லுக்கு நின்றான். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தான். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வாங்கிக் கம்பி போட்டுக் கட்டினான். வாரா வாரம் டிரம்மைக் கவிழ்த்து, முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று உள்பக்கத்தைப் பிரஷ்ஷால் தேய்த்தான். பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு, மொட்டைமாடியில் எவனோ போட்டுவைத்த டயர், ஒன்றையும் விடவில்லை. "சாயங்காலம் கதவைச் சாத்தினாப் போதும்னு நினைக்காதீங்க, இது பகல்ல கடிக்கிற கொசு" என்று வீடு வீடாய்ப் போய்ச் சொன்னான். காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது, கர்ப்பிணிகள் பூசலாம் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கிரீமை அவள் காலில் தானே தடவிவிட்டான்.

அப்போதுதான் இஸ்திரிக்காரர் அந்தப் பேரை வைத்தார். "கொசு மாப்பிள்ளை வர்றார், தண்ணியை மூடுங்க" என்பார். பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம் "அவரைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று இடித்துக் காட்டினார்கள். மகளுக்குத் துணையாக வந்திருந்த மாமியார் வாய் ஓயாமல் புகழ்ந்தாள். "இவ அப்பா எனக்காக ஒரு கொசுவத்தி கொளுத்தினதில்ல மாப்ள." ஒவ்வொரு பாராட்டும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவனுக்கு. விஷத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவனே தான்தானோ என்ற சந்தேகம் அவனைத் தின்றது.

படுக்கையையும் ஹாலுக்கு மாற்றிக்கொண்டான். உனக்குத் தூக்கம் கெடும், எனக்கு முதுகு வலிக்குது என்று சப்பைக்கட்டு கட்டினான். புகழ்ந்த மாமியாரே இப்போது ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் மனைவி கேட்டேவிட்டாள்.

"அந்த ஊர்ல யாராவது இருக்காங்களா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்ல."

அப்படி ஒருத்தி இருந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. அது அவனோடு போகிற பாவம். இது பிள்ளை தலையில் விடியுமே.

மறுநாள் காலையில் கிரீம் தடவிக்கொண்டிருந்தபோது அவளே பேச்செடுத்தாள். முந்தின நாளின் சந்தேகத்துக்குப் பரிகாரம் செய்கிறவள் மாதிரி, குரலில் கொஞ்சம் செல்லம் இருந்தது.

"போன தடவை டாக்டரம்மா கேட்டாங்க, வீட்ல யாராவது காய்ச்சல் பரவுற ஊருக்குப் போனாங்களான்னு. போனார், ஆனா ஒரு தும்மல்கூட இல்லன்னு சொன்னேன். என் புருஷன் கொசுவையே கிட்ட விடமாட்டார்னு பெருமையா வேற சொன்னேன். அப்ப பயமில்ல, தனியா டெஸ்ட் எதுவும் வேணாம்னு சொல்லிட்டாங்க."

அவன் கை நின்றுவிட்டது. தன் வாய்ப்பேச்சை நம்பி இவள் டாக்டருக்கே உத்தரவாதம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இனியும் மென்று விழுங்கினால் மனுஷனே இல்லை.

"எனக்குக் காய்ச்சல் வந்துச்சும்மா" என்றான். தலையை நிமிர்த்தவே இல்லை. வெல்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான், அவனிடமிருந்தே போகும் என்பது உட்பட.

அவள் காலை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"கண்ணு சிவந்திருந்துச்சே?"

"வெல்டிங் இல்ல."

"நான் மருந்து விட்டேனே. அப்பகூடச் சொல்லத் தோணலையா?"

"அப்ப எனக்கே இது என்னன்னு தெரியாது."

"போன் வந்த பிறகு தெரியும்ல?"

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். "அம்மா, கடைக்குப் போன் போட்டு நான் வரலைன்னு சொல்லிடு" என்றுவிட்டு நடந்தாள். அவன் பின்னால் ஓடினான்.

டாக்டரம்மா திட்டவில்லை, நிதானமாகக் கேட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அந்த நிதானம்தான் அவனை அதிகம் பயமுறுத்தியது. "ரெண்டு பேருக்கும் ரத்தம், யூரின் எடுத்துடலாம். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. அப்பவே வந்திருந்தா ஓரளவு தெளிவாத் தெரிஞ்சிருக்கும். நாளாக ஆக வைரஸ் ரத்தத்துல சிக்காது. இப்ப இல்லைன்னு வந்தாலும் வரவே இல்லைன்னு சொல்ல முடியாது. இதுக்குன்னு தனி மருந்தும் கிடையாது. வந்தவங்க எல்லார் குழந்தையும் பாதிக்கப்படறதில்ல, அதையும் மனசுல வச்சுக்கோங்க. அடிக்கடி ஸ்கேன் பண்ணித் தலை வளருதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்."

டெஸ்டில் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவன் சந்தோஷப்பட வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். தெரிந்துகொள்ள வேண்டிய காலத்தை அவன்தான் டிரம் தேய்த்தே கழித்துவிட்டானே.

அதற்குப் பிறகு எடுத்த முதல் ஸ்கேனுக்கு அவனையும் உள்ளே வரச் சொன்னாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வட்டம். அதன் குறுக்கே கோடு இழுத்து அளந்தார்கள்.

"இப்போதைக்கு அளவு சரியா இருக்கு. அடுத்த மாசம் மறுபடி பார்க்கலாம்" என்றாள் டாக்டரம்மா.

வெளியே ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அழுதுவிட்டான். "நான் பண்ணினது தப்புதான். நாலு வார்த்தை திட்டிடும்மா. நீ பேசாம இருக்கிறது என்னால தாங்க முடியல."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"திட்டினா உங்க மனசு லேசாயிடும். எனக்கு ஆகுமா? குழந்தை பிறக்கட்டும். அதைப் பார்த்துட்டு அப்புறம் சொல்றேன், உங்களைத் திட்டறதா வேண்டாமான்னு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஸ்கேனுக்குத் தேதி வாங்க வரிசையில் போய் நின்றான்.