மருமகனுக்கு அவித்த அவரை

என் மகளை வீட்டுக்குத் திரும்பக் கூட்டிவரும் என்று நம்பி நான் ஒரு மின்சாரச் சட்டி வாங்கினேன். ஸ்லோ குக்கர் என்று பெயர். உள்ளே போட்டதை எட்டு மணித்தியாலம் மெல்ல மெல்ல அவிக்கும். சுவிஸ் மருத்துவமனையொன்றில் துப்புரவு வேலை செய்து, எதையும் ஓடி ஓடியே முடித்துப் பழகிய எனக்கு அந்தச் சோம்பேறிச் சட்டியைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. ஆனாலும் வாங்கினேன். மகள் எங்கள் வாசலை மிதித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அதற்குக் காரணம் நான்தான். இதை இப்படி நேராகச் சொல்ல எனக்கு நெடுநாள் எடுத்தது. ஒரு மெக்சிகோக்காரனைக் கல்யாணம் செய்யப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்து வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். பதிவுத் திருமணத்துக்கு நான் போகவில்லை. கணவர் போனார். கோட் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் ஓஸ்டர்முண்டிகனில் ரயில் ஏறி, மகள் இருக்கும் சூக் நகரம் வரைக்கும் தனியாகப் போய், பின்னேரம் ஒரு துண்டு கேக்கோடு திரும்பி வந்தார்.

"பெடியன் நல்லவன். பாத்தா எங்கடை ஆள் மாதிரித்தான் இருக்கிறான்" என்றார்.

நான் கேக்கைத் தொடவில்லை. அது மேசையிலேயே காய்ந்து போனது.

பெடியன் எப்படி இருக்கிறான் என்பதா எனக்குப் பிரச்சினை? கோயிலில் சனத்துக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் பிரச்சினை. எங்கள் ஆட்கள் யாரையாவது முதன்முதலில் சந்தித்தால், "எந்த ஊர்?" என்று கேட்போம். ஊரைச் சொன்னதும், "ஊரிலை எந்தப் பக்கம்?" என்று கேட்போம். இரண்டாவது கேள்வி ஊரைப் பற்றியது அல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே காரியம் முடிந்துவிடும். நானும் எத்தனையோ பேரிடம் அப்படிக் கேட்டிருக்கிறேன். இனி என்னிடம் கேட்பார்கள், நான் மெக்சிகோ என்று சொல்ல வேண்டும். நினைத்தாலே எனக்கு அவமானமாக இருந்தது.

இரண்டு வருடம் இப்படி வீம்பில் போனது. பிறகு கணவருக்கு அறுபது வயது வந்தது. மகள் அவருக்குப் போன் எடுத்து, "உங்களுக்காக வாறன் அப்பா. ஆனா ரெண்டு பேருமாத்தான் வருவம்" என்று சொன்னாள். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவருடைய கண் கலங்கியது. இந்த முறை விட்டால் அவள் எனக்கு இல்லை என்று நன்றாகத் தெரிந்தது.

அதனால்தான் மருமகனுக்குப் பிடித்ததைச் சமைக்க முடிவு செய்தேன். எங்கள் சாப்பாடு எல்லாம் இருக்கட்டும், அதோடு அவனுடைய ஊர்ச் சாப்பாடு ஒன்று மேசையில் இருந்தால் மகளின் மனம் இளகும் என்று கணக்குப் போட்டேன். கணவர் அவனிடம் விசாரித்தார். பதிலாக ஒரு நீண்ட குரல் பதிவு வந்தது. "அம்மா" என்று தொடங்கியிருந்தான். மகள் அந்த ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மிச்சமெல்லாம் பள்ளிக்கூடத்து ஜெர்மனில், நிறுத்தி நிறுத்தி, எனக்கு விளங்க வேண்டும் என்ற அக்கறையோடு சொல்லியிருந்தான். நான் அதை மூன்று தரம் கேட்டேன்.

பின்டோ பீன்ஸ் என்பது மண்ணிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும் ஒரு அவரை விதை. பேர்ண் நகரத்தில் லத்தீன் அமெரிக்கச் சாமான் விற்கும் சின்னக் கடையொன்றில் கிடைத்தது. முதல் நாளே ஊறப்போட வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டு, அதற்குப் பிறகுதான் சட்டிக்குள் போட வேண்டும். பாதி வெங்காயம், நாலு பல்லு உள்ளி, சீரகம், பெரிய காய்ந்த மிளகாய் ஒன்று, ஒரு வாசனை இலை. அவனுடைய வீட்டில் பன்றிக் கொழுப்பும் போடுவார்களாம். "நீங்கள் எண்ணெய் விடுங்கள், அம்மா, அதுவும் நன்றாக இருக்கும்" என்று அவனே சொல்லியிருந்தான். மூடியைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம் என்றும் சொன்னான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே சட்டியைப் போட்டுவிட்டேன். திறக்காதே என்றால் என் கை சும்மா இருக்குமா? இரண்டு தரம் கறித்தூள் டப்பாவோடு போய் நின்றேன். ஒரு கரண்டி எங்கள் தூளைப் போட்டால் அந்த அவரைக்கு ஒரு நல்ல காலம் பிறக்கும் என்று தோன்றியது. ஆனால் போடவில்லை. அன்றைக்கு எனக்கு எவ்வளவு பொறுமை இருந்தது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

இன்னொரு விஷயம், சட்டியை நான் சமையலறையில் வைக்கவில்லை. பால்கனியில், பூச்சாடி வைக்கிற மேசையில் வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு மோதகம் அவித்துக் கொண்டுபோகிறவள் நான். என் அடுப்படியில் எந்தச் சட்டி நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்று எனக்கொரு சட்டம் இருக்கிறது. சட்டி புதிது, உள்ளே இருந்தது வெறும் அவரை. பன்றியும் இல்லை, மாடும் இல்லை. இருந்தாலும் அது அவர்களுடைய சாப்பாடு என்று என் கைக்குப் பட்டது. அதை வெளியே கொண்டுபோய் வைத்ததும் அந்தக் கைதான்.

"ஏன் சட்டியை வெளியிலை வைச்சிருக்கிறீர்?" என்று கணவர் கேட்டார்.

"வீடெல்லாம் மணம் பிடிக்கும்" என்றேன். பொய்.

மூன்று மணிக்கு வந்தார்கள். மகள் மெலிந்திருந்தாள், தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நான் கட்டிப் பிடித்தபோது முதலில் விறைத்துக்கொண்டு நின்றாள், பிறகு என் தோளில் முகத்தை வைத்தாள். இரண்டு வருடத்துக் கோபம் அந்த ஒரு நிமிடத்தில் கரைந்துபோனது என்றே நினைத்தேன். மருமகன் நெடுத்த ஆள். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தான், எங்கள் வழக்கப்படி கை கூப்பினான். பால்கனியில் சட்டியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. தன் அம்மாவும் முற்றத்தில் வைத்துத்தான் அவரை அவிப்பாள் என்றான். நானும் சிரித்தேன்.

அவரை பஞ்சுபோல அவிந்திருந்தது. புள்ளியெல்லாம் மறைந்து ஒரே நிறமாகி, குழம்பு தடிப்பாக இருந்தது. உப்புப் போட்டு, கொத்தமல்லி இலை தூவி, தேசிக்காய் பிழிந்து எடுத்துக்கொண்டு போனேன்.

சாப்பிடும் தட்டை எங்கள் பக்கத்தில் கோப்பை என்போம். எங்கள் மூன்று பேருக்கும் சில்வர் கோப்பை வைத்தேன். மருமகனுக்குக் கூடத்து அலுமாரியில் இருக்கிற வெள்ளைப் பீங்கான் கோப்பை. நீலக் கரை போட்ட, வடிவான கோப்பை. திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கை தானாக அந்த அலுமாரிக்குப் போனது. தானாகப் போனதுதான் மோசம் என்று இப்போது தெரிகிறது.

அவன் ஒரு வாய் வைத்தான், கண்ணை மூடினான், "வீட்டில் சாப்பிடுவதுபோல இருக்கிறது" என்றான். அதில் நடிப்பு இல்லை. இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மூன்றாம் தரம், எனக்குச் சிரமம் தரக்கூடாது என்று கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, சட்டி இருந்த சமையலறைப் பக்கம் எழுந்து போனான். பால்கனியிலிருந்து அந்தச் சட்டியை நான் கடைசியில் உள்ளே கொண்டுவந்திருந்தேன், ஆனால் சமையலறை வாசலோடு ஒரு ஸ்டூலில்தான் வைத்திருந்தேன். அதைத் தாண்டினால் என் அடுப்பு. நான் பாய்ந்து போய் வாசலில் நின்றுகொண்டேன். "நீங்கள் விருந்தாளி, இருங்கள், இருங்கள்" என்று கோப்பையை வாங்கினேன். அவன் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு போய் இருந்தான்.

மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்து உட்கார்ந்ததும், முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு தமிழில் பேசத் தொடங்கினாள்.

"அம்மா, சிரிச்சுக்கொண்டே இருங்கோ. அவருக்கு விளங்கக் கூடாது."

"என்ன பிள்ளை?"

"ஏன் அவருக்கு மட்டும் அந்தக் கோப்பை?"

"விருந்துக்கு வந்த ஆளுக்கு நல்ல கோப்பை குடுத்தது பிழையோ?"

"அது ஆருக்குக் குடுக்கிற கோப்பை எண்டு எனக்குத் தெரியும். பைப் திருத்த வாறவைக்குக் குடுப்பியள். மேல்வீட்டிலை இருந்த என்ரை சிநேகிதிக்குக் குடுத்தனியள். அவளும் தமிழ்ப் பிள்ளைதான். அவள் போனாப் பிறகு நீங்கள் அதைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவினியள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கு எட்டு வயது."

"அது சுத்தத்துக்கு."

"அவளின்ரை தாயிட்டை ஊரிலை எந்தப் பக்கம் எண்டு கேட்டாப் பிறகுதானே உங்களுக்குச் சுத்தம் வந்தது?"

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் சிரித்ததில்லை. மருமகன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன கதைக்கிறீர்கள் என்று ஆவலோடு கேட்டான். அவரையை எப்படி அவித்தது என்று அம்மா சொல்கிறா என்று மகள் ஜெர்மனில் சொன்னாள். அவன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கணவர் தலையைக் குனிந்துகொண்டு தன் பிறந்தநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மகள் தன் சில்வர் கோப்பையை மெதுவாக ஒரு பக்கம் தள்ளினாள். கதிரையை அவன் பக்கம் இழுத்து, அவனுடைய பீங்கான் கோப்பையிலேயே கை வைத்துச் சாப்பிட்டாள். அன்பில் செய்கிறாள் என்று நினைத்து அவன் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து இருந்தான். எங்கள் பழைய பெண்டுகள் புருசன் சாப்பிட்ட கோப்பையில்தான் சாப்பிடுவார்கள். அதையெல்லாம் நான் அவளுக்குப் பழக்கவே இல்லை. என் வீட்டு மேசையில் என் மகள் வெளியாளாகிவிட்டாள், அதுவும் தானே விரும்பி.

போகும்போது மருமகன் மிச்ச அவரையை ஒரு டப்பாவில் கேட்டு வாங்கினான். மகள் அப்பாவைக் கட்டிப் பிடித்தாள். எனக்கு "வாறன்" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவினேன். அழுதுகொண்டேதான் கழுவினேன். பீங்கான் கோப்பையைக் கையில் எடுத்தபோது கேத்தலில் தண்ணீர் கொதித்து இரைந்தது. அதை நான்தான் போட்டிருந்தேன், எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியாது. கணவர் வந்து கேத்தலை நிறுத்தினார்.

"உமக்கு இன்னும் விளங்கேல்லையோ?" என்றார். முப்பத்துநாலு வருடத்தில் அவர் என்னோடு அந்தக் குரலில் பேசியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவர் மட்டும் மாதத்தில் ஒரு ஞாயிறு சூக்குக்குப் போய் வருவார். அங்கே என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அந்த நீலக் கரைக் கோப்பைகளை எல்லாம் எடுத்துக் கட்டி, பழைய சாமான் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கொடுத்ததை மகளுக்குச் சொல்லச் சொன்னேன்.

போன கிழமை அவளே எனக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, எங்களுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது."

நான் கத்தியே விட்டேன். முருகா என்றேன், அம்மாளாச்சி என்றேன். எத்தனை மாதம், வாந்தி இருக்கோ, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் நான் ஓயும் வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"ஒண்டு கேக்கிறன் அம்மா. அவரின்ரை பிள்ளை உங்கடை அடுப்படிக்குள்ளை வரலாமோ? உங்கடை கோப்பையிலை சாப்பிடலாமோ?"

ஓம் என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். என் பேரப்பிள்ளை அல்லவா, வேறென்ன சொல்வேன்? ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், யோசித்தேன்.

"சரி அம்மா, விளங்குது" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.