பழைய முதலாளியிடம் கேட்கத் தேவையில்லாத திகதி

ஒரு மனிதரிடம் நான் பொய் சொன்னேன். அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவனத்தின் ஆளணிப் பிரிவுக்கு நான் தலைவனாக இருந்த காலம். மன்னாரைச் சேர்ந்த அவர் எங்களிடம் வேலை செய்தார். அவருக்காக நிறுவனம் போட்ட கிரீன் காட் மனு அங்கீகாரம் பெற்றிருந்தது. அவர் விலகப் போவதாகச் சொன்னதும், "நீர் போனா உம்மட முன்னுரிமைத் திகதியும் அழிஞ்சு போயிடும்" என்றேன். வரிசையில் அவருடைய இடத்தைக் காட்டும் திகதி அது. அழியாது என்று எனக்குத் தெரியும். விலகிய பிறகு அந்தத் திகதியையாவது சொல்லும்படி மின்னஞ்சலில் கேட்டார். "கோப்புகள் நிறுவனத்தின் சொத்து" என்று எழுதினேன். அந்த வாக்கியத்துக்கு மேலிடத்தில் பாராட்டும் வாங்கினேன்.

விசா முடிந்து அவர் இத்தாலியின் பலேர்மோவிலிருந்த மைத்துனரிடம் வந்தார். பகலில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டு நிலம் துடைத்தார். மாலையில் கணினி வேலை எடுத்துச் செய்தார். ஓய்வு பெற்று என் மகள் வீட்டுக்கு நானும் இதே ஊருக்கு வந்தேன். சைவம், கிறிஸ்தவ வேதம் என்ற பேதமில்லாமல் நம்மவர்கள் ஞாயிறுகளில் பெல்லெக்ரினோ மலையேறி அங்கே கோயில் கொண்ட புனிதைக்கு நேர்த்தி வைப்பார்கள். ஒரு ஞாயிறு அங்கே அவர் வெறுங்காலுடன் ஏறிக்கொண்டிருந்தார்.

"சேர்! புனிதைதான் உங்களை அனுப்பியிருக்கிறா."

அமெரிக்காவில் ஒரு நண்பரின் நிறுவனம் அவருக்குப் புதிதாக மனுப் போடத் தயாராம். பழைய திகதி கிடைத்தால் முறை உடனே வரும். இல்லையென்றால் வரிசையின் வாலில் நின்று முறை வருவதற்குள் அவருடைய மகளுக்கு இருபத்தொரு வயது கடந்துவிடும்; அதன்பின் பெற்றோரின் மனுவில் பிள்ளையைச் சேர்க்க முடியாது. அவளை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

"உங்கட சொல்லுக்கு அங்கை மதிப்பிருக்கும், சேர். ஒருக்காக் கேட்டுத் தாங்கோ."

எந்தக் கடதாசிக்கும் 'தெரிந்த ஆள்' வேண்டும் என்பது இங்கே நம்மவர்களின் பொது மதம். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியை வரிசையில் நின்றுதான் எடுப்பார்கள். எடுத்தபின் புகழை ஏதாவதொரு தெரிந்த ஆளுக்குக் கொடுப்பார்கள். அடுத்த வாரம் கபோ சந்தையிலிருந்து அவர் வாங்கியனுப்பிய வாள்மீன் எனக்கு வந்தது. தின்றேன். பழைய நிறுவனத்துக்கு எழுதினேன். "கோப்புகள் நிறுவனத்தின் சொத்து" என்று பதில் வந்தது. ஓர் எழுத்தும் மாறவில்லை. அந்தச் சுவரை அவ்வளவு உறுதியாகக் கட்டியிருக்கிறேன்.

அவருடைய வீட்டுக்குப் போனேன்.

"உம்மட திகதி அழியேல்லை. அண்டைக்கு நான் பொய் சொன்னனான். அதை எங்களிட்டைக் கேக்கவும் தேவையில்லை. உம்மட கோப்பின்ரை பிரதியை அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களத்திட்டை நீரே கேக்கலாம்."

"பகிடி விடாதேங்கோ, சேர். ஆள் பிடிக்காமல் ஆர் தருவினம்?"

அவருடைய மனைவி அடுப்படியிலிருந்து வந்தார். "அப்ப மீனையும் திண்டிட்டோ வந்து இதைச் சொல்லுறியள்?"

அவர்களுடைய மகள்தான் மடிக்கணினியைத் திறந்தாள். "அலோரா, சரி அப்பா, பழைய பாஸ்போட்டைத் தாங்கோ." முழுக் கோப்பும் வேண்டாம், மனு அங்கீகாரமான அறிவித்தல் போதும் என்று கேட்கும்படி சொன்னேன். என்னுடைய உதவி அவ்வளவுதான்.

சில மாதங்களில் பிரதி வந்தது. திகதி அதில் இருந்தது. புது மனுவுக்கு அதுவே போதும் என்றார் வழக்கறிஞர். மகளுக்கும் விசா கிடைத்தது.

மலையில் எல்லோரிடமும், "சேர்தான் எடுத்துத் தந்தவர்" என்று அவர் சொல்லி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"உண்மையைச் சொன்னா உங்கட மகள் இஞ்சை தலைநிமிர்ந்து திரியேலாது, சேர்."

அவர்கள் புறப்பட்ட நாள் விமான நிலையத்துக்குப் போனேன். அவருடைய மனைவியின் பெட்டியைத் தூக்கக் கை நீட்டினேன்.

"அதை அங்கை வையுங்கோ" என்றார் மனைவி. "நாங்களே கொண்டுபோவம்."