ஆஞ்சப்பனுக்கு அஸ்திவாரம் போட்டவர்

ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் 2006ஆம் ஆண்டு விழா மலர் இப்படிச் சொல்கிறது: ‘திரு. வே. சௌந்தரராஜன், சாத்தூர். மொழித்தடையைத் தாண்டி ஜப்பான் பயிற்சிக்குத் தேர்வானவர். கற்றதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் சக தொழிலாளர்களையும் கைபிடித்து அழைத்துச் செல்லும் பண்பாளர்.’ இதில் இனிஷியலும் ஊரும் சரி. கைபிடித்து அழைத்துச் சென்றதும் உண்மைதான். எங்கே என்பதைத்தான் மலர் சொல்லவில்லை.

ஜப்பான்காரர்கள் கம்பெனியில் பங்கு வாங்கிய புதிது. ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஓரளவு ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரை அங்கே பயிற்சிக்கு அனுப்புவார்கள், திரும்பி வந்ததும் பெர்மனென்ட் என்று அறிவிப்பு வந்தது. மற்றவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் கேட்டில் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். பேர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் ஒரே வாரத்தில் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவர்களில் சௌந்தரராஜனின் தூக்கத்தைக் கெடுத்தவன் ஒருவன்தான். அவன் பக்கத்துப் பாயிலேயே படுத்துத் தூங்கினான்.

அறைத்தோழன் ஆஞ்சப்பன், ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளிக்காரர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் தெலுங்கு. மண்டியில் பெங்களூர் லாரிக்காரர்களோடு கன்னடத்தில் பேரம், பேரம் படியாவிட்டால் தமிழில் சண்டை. போதாததற்கு வடக்கத்தி டிரைவர்களிடம் பொறுக்கிய இந்தி. எதையும் அவன் படித்ததில்லை. காதில் விழுந்தது, வாயில் வந்தது. சௌந்தரராஜனோ டிப்ளமா முடித்தவர். தமிழைத் தவிர எந்த மொழியும் அவர் வாயில் வழுக்கும்.

ஒருநாள் டீ நேரத்தில், ஜப்பானிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் ஓனோவிடம் ஆஞ்சப்பன் என்னவோ சொன்னான். ஓனோ வயிறு குலுங்கச் சிரித்து, அவன் முதுகில் தட்டி, தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்துக் கொடுத்தார். சௌந்தரராஜனின் கையில் இருந்த டீ ஆறிப்போனது.

அன்றைக்கே ஆஞ்சப்பன் தானாக வந்து கேட்டான். “அண்ணா, எப்படிப் படிக்கறது? பெங்களூர்ல ஞாயித்துக்கிழமை கிளாஸ் இருக்குதாமே. சிடியும் விக்கறானாம். எது சேரலாம்?”

“ஓனோகிட்ட என்னப்பா பேசிக்கிட்டிருந்த?”

“சும்மா. அவரு பேசறத கேட்டுக் கேட்டு ரெண்டு வார்த்தை வந்திருச்சு.”

“அதாம்ப்பா தப்பு! காதுல விழுந்ததெல்லாம் படிப்பாகுமா? நீ தெலுங்கு பேசுற, எழுதத் தெரியுமா?”

“தெரியாதுண்ணா.”

“கன்னடம்?”

“பஸ் போர்டு படிப்பேன்.”

“அப்ப அதுவும் தெரியாதுன்னுதான அர்த்தம். ஒண்ணாங்கிளாஸ்ல வாத்தியார் முதல்ல என்ன சொல்லிக் குடுத்தாரு? அ, ஆ தான? எழுத்துதாம்ப்பா அஸ்திவாரம். அது நிக்காம பேசுனா சந்தைப் பேச்சாப் போயிரும். சிரிப்பாய்ங்க.”

ஆஞ்சப்பனுக்கு முகம் சுருங்கியது. நான்கு மொழி பேசுகிறவனுக்கு ஒரு மொழியும் தெரியாது என்பதை அவன் அந்த நிமிடமே ஒப்புக்கொண்டான். சிலேட்டில் எழுதி, அடி வாங்கி வந்ததுதான் படிப்பு; சும்மா வந்தது படிப்பாகாது என்று அவனுக்கும் தோன்றியிருந்தது. ஓனோ பக்கம் டீக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

அடுத்த வாரம் மாடிப்படியில் ஹெச்.ஆர். மணிமேகலை, சௌந்தரராஜனைப் பார்த்துச் சொன்னார்: “தேர்வு வெறும் பேச்சுதான், எழுத்து கெடையாது. உங்க ரூம்ல ஆஞ்சப்பனும் இருக்காரில்ல? அவர்கிட்டயும் சொல்லிடுங்க.”

“கண்டிப்பா மேடம்.”

அன்று மாலை சௌந்தரராஜன் கடைக்குப் போய் ஆஞ்சப்பனுக்காக ஒரு பிரஷ்ஷும் கட்டம் போட்ட நோட்டும் வாங்கி வந்தார். ஜப்பானியச் சித்திர எழுத்துகள் அடங்கிய கனத்த புத்தகத்தை எங்கோ தேடிப் பிடித்தார். ஒரு மனிதனைக் கெடுப்பதற்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று தோன்றலாம். நல்லது செய்கிறவர்கள்கூட இப்படி மெனக்கெடுவதில்லை. தினமும் நோட்டை வாங்கிப் பார்த்தார். “மலை நல்லா வந்திருக்கு. நெருப்புதான் கொஞ்சம் சாயுது, திரும்ப எழுது” என்று திருத்தினார். அந்த எழுத்துகள் அவருக்கும் தெரியாது. புத்தகத்தைப் பார்த்துத்தான் திருத்தினார்.

ஞாயிறுதோறும் ‘அக்கா வீடு’ என்று பெங்களூர் பஸ் ஏறினார். அக்கா சாத்தூரில் இருந்தார். பெங்களூரில் இருந்தது பேச்சு வகுப்பு. அறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முணுமுணுப்பார்.

“என்னா பாட்டுண்ணா?”

“பழைய பாட்டுப்பா. நீ எழுது.”

ஆஞ்சப்பன் எழுதினான். ஊரிலிருந்து வரும்போது சானமாவு காட்டில் யானை ரோட்டில் இறங்கி பஸ் நின்றால், எல்லோரும் யானையைப் பார்த்தார்கள். அவன் பனி படிந்த ஜன்னலில் விரலால் ‘காடு’ என்று ஜப்பானிய எழுத்தில் எழுதிப் பார்த்தான்.

தேர்வு நாளில் ஓனோவும் ஒரு ஜப்பானிய அதிகாரியும் மணிமேகலையும் உட்கார்ந்திருந்தார்கள். பேர் என்ன, என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஜப்பானிய மொழியில் கேட்டார்கள். கேள்வி ஆஞ்சப்பனுக்குப் புரிந்தது. பதிலும் நாக்கு நுனி வரை வந்தது. சந்தைப் பேச்சாகிவிடுமே என்ற பயத்தில் அதை விழுங்கிவிட்டு, சைகையால் ஒரு தாள் கேட்டான். மலை, ஆறு, நெருப்பு, காடு என்று வரிசையாக எழுதினான். கோடுகள் அச்சுப்போல இருந்தன. அதிகாரி எழுந்து நின்று பார்த்தார். ஓனோ இன்னொரு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். ஆஞ்சப்பன் தலை குனிந்து இன்னொரு மலையை எழுதினான்.

அடுத்து உள்ளே போன சௌந்தரராஜன் பத்து வாக்கியம் பேசினார். அத்தனையும் மனப்பாடம். அது போதுமானதாக இருந்தது.

ஆஞ்சப்பனின் திறமையைக் கம்பெனி வீணாக்கவில்லை. ‘சுத்தம் காப்போம்’, ‘விபத்தைத் தவிர்ப்போம்’ என்று ஷெட் சுவர்களில் ஜப்பானிய எழுத்தில் எழுத வைத்தார்கள். கடைசிச் சுவர் முடிந்தபோது அவன் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத் தக்காளி மண்டிக்குத் திரும்பினான். அங்கே இப்போது அதிகம் பேசுவதில்லை என்று லாரிக்காரர்கள் சொல்கிறார்கள்.

மண்டிக்குத் திரும்புவதற்கு முன், விமானம் ஏறப் புறப்பட்ட சௌந்தரராஜனின் பெட்டியைப் பஸ் ஸ்டாண்டு வரை அவன்தான் தூக்கி வந்தான். “அங்க சோறு எப்படி இருக்குமோண்ணா” என்று அம்மா செய்த தக்காளித் தொக்கைக் கொடுத்தான். “நீங்க இல்லன்னா எனக்கு எழுத்தே வந்திருக்காது.” விழா மலருக்காக மணிமேகலை விசாரித்தபோது, பண்பாளர், கைபிடித்து அழைத்துச் செல்பவர் என்றெல்லாம் சொன்னவனும் அவன்தான்.

சௌந்தரராஜன் செய்தது இதுதான்: தேர்வு பேச்சு மட்டும் என்று ஆஞ்சப்பனிடம் சொல்லச் சொன்னார்கள், அவர் சொல்லவில்லை.