சத்தம் வண்டியில்தான்

எத்தனையோ அநியாயத்தைப் பார்த்தவள்தான் டிரைவரக்கா. ஆனாலும் வண்டியின் பழுதுத் தாளில் இருந்த இரண்டு வரியைப் படித்தபோது அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "வண்டியில் சத்தம் எதுவும் இல்லை. ஓட்டுநரைக் காது பரிசோதனைக்கு அனுப்பவும்." கீழே பணிமனை போர்மேனின் கையெழுத்து. அதற்கும் கீழே போக்குவரத்து அதிகாரியின் கையெழுத்து. காது சரியில்லை என்று ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டால் போதும், நோயாளி ஏற்றுகிற வண்டியை அவள் தொடக்கூடாது. மறுபடியும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்தான்.

அங்கே எட்டு வருடம் படுக்கை விரிப்பு வெளுத்தவள் அவள். நீராவியில் வெந்த கையோடு மதிய இடைவேளையில் வண்டி பழகி, இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை லைசென்ஸ் வாங்கினாள். பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங் என்று கேட்டவர்களையும் ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு வருடமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறாள். சிறுநீரகம் பழுதாகி ரத்தம் சுத்தம் செய்ய வருகிறவர்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுவிடுவது வேலை. நாளுக்கு நாலு பேர். யாருக்குக் குலுங்கினால் வாந்தி வரும், யாருக்குக் கால் நீட்ட முன்சீட் வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இப்படிப்பட்டவளுக்கா காது கேட்கவில்லை?

சத்தம் வந்து பதினோரு நாள் ஆகிறது. ஆஸ்பத்திரிச் சரிவில் பிரேக்கை மிதித்தபடி இறங்கித் திரும்பும்போது இடது முன்சக்கரத்துப் பக்கம் 'டொக்' என்று ஒன்று. முன்சீட்டில் கனத்த ஆள் இருந்தால்தான் வரும். அன்றைக்கே பணிமனையில் போய்ச் சொன்னாள். கிரீஸ் அடித்து அனுப்பினார்கள். மறுபடி போனாள். சக்கரத்து நட்டை முறுக்கி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை போர்மேன் தானே ஏறி, தனியாக, சிமெண்டுத் தரையில் இரண்டு வட்டம் அடித்துவிட்டு இறங்கினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். அதோடு விட்டாரா, தாளிலும் எழுதிவைத்தார்.

வீட்டில் புருஷன், வேலியில் போகிற ஓணானை ஏன் எடுத்து மடியில் விடுகிறாய், பேசாமல் ஓட்டு என்றான். அவனுக்கென்ன, ஆஸ்பத்திரி கேண்டீனில் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவன். அடுப்பு சரிவில் திரும்புமா?

மறுநாள் காலை முதல் ஆளை ஏற்றப் போகாமல் நேரே பணிமனைக்கு வண்டியை விட்டாள். காயலான் குவியலிலிருந்து பழைய பேட்டரி நாலைத் தூக்கிவந்து முன்சீட்டில் இரண்டு, கீழே இரண்டு என்று அடுக்கினாள். சீட் பாழாகிறது என்று போர்மேன் கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை, அதுதான் காது கேட்காதவளாயிற்றே! வண்டி கழுவுகிற மேட்டில் ஏற்றி, பிரேக்கில் காலை வைத்தபடி இறக்கித் திருப்பினாள்.

டொக்.

மறுபடி ஏற்றினாள், இறக்கினாள். டொக். டயர் மாட்டிக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். போர்மேன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினார்கள். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் சக்கரம் ஆடுகிற பல்லாக ஆடியது. சக்கரத்தை வண்டியின் அடியிலுள்ள இரும்புக் கையோடு பிணைக்கிற பால் ஜாயின்ட்டின் ரப்பர் கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே உருண்டை துருப்பிடித்துத் தேய்ந்திருந்தது. அது கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி ரோட்டில் படுத்துவிடும். போர்மேனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்மா," என்றார்.

"யார் தலைக்கு அண்ணே?"

போர்மேன் பேச்சை மாற்றினார். ஸ்டோரில் பார்ட்ஸ் இல்லை, வர மூன்று நாள் ஆகும், அதுவரைக்கும் மெதுவாக ஓட்டு என்றார். இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகு சொல்கிறார் மனுஷன்! அவள் பேட்டரியை இறக்கிவைத்துவிட்டு முன்கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்க. மெதுவாத்தான் ஓட்டுறேன். ஆஸ்பத்திரிச் சரிவு வரைக்கும் போயிட்டு வருவோம்."

போர்மேன் கதவைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். ஏறவில்லை. அவள் கதவைச் சாத்தவும் இல்லை.

அப்புறம் அவரே போய், அதிகாரியின் காரைத் தூக்கி நிறுத்தினார். அதுவும் இதே வகை வண்டி, போன மாதம்தான் புது ஜாயின்ட் போட்டது. அதைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டி, சக்கரம் கோணாமல் நேராக நிற்கிறதா என்று அளந்து பார்த்து, இந்தத் தடவை பேட்டரிக்குப் பதில் தானே முன்சீட்டில் உட்கார்ந்து சரிவில் இறங்கிப் பார்த்தார். சத்தம் இல்லை.

திரும்பி வந்ததும் பழைய தாளைக் கிழிக்கப் போனார். அவள் கையை நீட்டித் தடுத்தாள். கிழிக்க வேண்டாம், அதற்குக் கீழேயே எழுதுங்கள் என்றாள். கோளாறு சரிசெய்யப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னும் இருக்கு. நான் முதல்ல வந்து சொன்ன தேதியை எழுதுங்க. அன்னைலேருந்து நேத்து வரைக்கும் இந்த வண்டியில நாப்பத்தி நாலு தடவை நோயாளியைக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுவிட்டிருக்கேன். அதையும் எழுதுங்க."

போர்மேன் பேனாவைத் தாளில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். எழுதி முடிக்கிறவரை அவள் மேஜையை விட்டு நகரவில்லை.