சூனியக்கார அத்தையின் பார்வை

தொலைக்காட்சி நிலையத்தின் உடைப் பிரிவில் தைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு நடிக்கும் ஆசை துளியும் இருந்ததில்லை. பேய்ப் படத்தில் சூனியக்கார அத்தையாக நடிக்க வேண்டியவருக்கு அம்மை போட்டுவிட்டது. தைத்த கறுப்பு அங்கியோடு வந்து நின்ற அக்காவை இயக்குநர் ஏற இறங்கப் பார்த்தார். ஒல்லி உடம்பு, ஒட்டிய கன்னம்.

"அம்மா, அந்தக் கதவுகிட்ட நிக்கிற பொண்ணைக் கொஞ்சம் பாருங்க."

அக்கா பார்த்தாள். அந்தப் பெண் இரண்டடி பின்வாங்கினாள். வேடம் அக்காவுக்கே வந்தது.

தம்பி மனைவியின் மேல் பொறாமைகொண்டு, அவளை உருக்கி உருக்கிச் சாகடிக்கும் அத்தையின் கதை அது. ஒளிபரப்பான மாலை, அக்கம்பக்கத்தார் எல்லாரும் தம்பி வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கல்யாணமாகாத அக்காவும் தம்பியோடுதான் இருந்தாள். படம் முடிந்தபோது, நிறைமாதத்துக்கு நெருங்கிக்கொண்டிருந்த தம்பி மனைவி கணவனுக்கு அந்தப் பக்கம் போய் ஒண்டியிருந்தாள்.

மறுநாள் அக்கா போட்ட டீ ஆறிப்போய்க் கிடந்தது.

"குமட்டுது அண்ணி," என்றாள் தம்பி மனைவி. பிறகு அவளே போட்டுக் குடித்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

தம்பி சிரித்து மழுப்பினான். படம்தான் காரணம் என்று அக்காவுக்குப் புரிந்தது. விடுமுறை நாளில் அக்கா, "வாம்மா, என் வேலை இடத்தைக் காட்டறேன்," என்று அவளைக் கூட்டிப்போனாள்.

படத்தில் கொதித்த விஷம், சாயம் கலந்த சோப்புத் தண்ணீர் என்று சொன்னாள். நீள நகங்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. அங்கியைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே மஞ்சள் பூப்போட்ட பழைய திரைத்துணி.

"போட்டுப் பார்க்கட்டுமா?" என்றாள் தம்பி மனைவி. அங்கி வயிற்றுக்கு மேலேயே நின்றுவிட்டது. அறையின் மறுகோடிக்குப் போய்த் திரும்பி நின்றாள். "எப்படி இருக்கேன்?"

அக்கா கண்ணை இடுக்கினாள்.

"அதோ! அந்தப் பார்வைதான் அண்ணி! வந்த நாள்லேர்ந்து என்னை அப்படித்தானே பார்க்கறீங்க? என்னைப் பிடிக்கலைனு நினைச்சேன். படத்துல பார்த்ததும் உயிரே போயிடுச்சு."

"ஐயோ, முறைக்கலைடி! அவ்வளவு தூரத்துல நின்னா நீ எனக்கு மங்கலாத்தான் தெரியற. ஊசி கோக்கறது நல்லாத் தெரியுதே, கண்ணுல என்ன கோளாறுன்னு விட்டுட்டேன்."

தம்பி மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையில் போய் நின்றது. அக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அந்த வாரமே தம்பி மனைவி அவளைக் கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்த அக்கா, தெருவோரம் நின்ற தம்பி மனைவியைப் பார்த்து அசந்துபோனாள்.

"நீ இவ்வளவு அழகா! என் தம்பிக்கு எப்படிடி வாய்ச்சே?"

பெண் குழந்தை பிறந்தது. தம்பி மனைவி அதை முதலில் அக்காவின் கையில்தான் கொடுத்தாள். இன்னொரு பேய்ப் படத்துக்குக் கூப்பிட்டபோது அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். தெருவில் மட்டும் பழைய பயம் முழுசாகப் போகவில்லை. காய்க்காரர் அக்காவைக் கண்டால் கேட்காமலே கொசுறு கைநிறைய அள்ளிப் போடுவார். தம்பி மனைவிக்கு அதில் ஏக சந்தோஷம்.

"கடைக்கு நீங்களே போயிட்டு வாங்க அண்ணி," என்பாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.